ஒரு செல்லின் சாவை நொதிகள் எப்படித் தீர்மானிக்கின்றன?

தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது அதன் வால் அறுந்து விழுவதில்லை. வாலில் உள்ள செல்கள் தம்மைத் தாமே கலைத்துக்கொள்கின்றன. வால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி மறைந்துவிடுகிறது. கருவில் நம் கையும் முதலில் ஒரே தட்டையான சதையாகத்தான் இருக்கும். விரல்களுக்கு நடுவில் உள்ள செல்கள் இறந்த பிறகுதான் ஐந்து விரல்களும் தனித்தனியாகப் பிரிகின்றன. வளர்ந்த உடம்பிலும் இந்த வேலை நிற்பதில்லை. காலம் முடிந்த வெள்ளணுக்கள், சொந்த உடம்பையே தாக்கக்கூடிய டி செல்கள், வெயிலில் டிஎன்ஏ சிதைந்துபோன தோல் செல்கள் என்று நாள்தோறும் ஆயிரக்கணக்கான கோடிச் செல்கள் இப்படி விடைபெறுகின்றன. நமக்கு வலிப்பதில்லை, வீங்குவதில்லை, சீழ் கட்டுவதும் இல்லை.

அடிபட்டோ ரத்த ஓட்டம் நின்றோ சாகிற செல்லின் கதை வேறு. அது ஊதிப் பெருத்து வெடிக்கும். உள்ளே இருப்பதையெல்லாம் சுற்றிலும் கொட்டும். அதனால்தான் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. திட்டமிட்ட சாவில் செல் சுருங்குகிறது, உட்கருவில் டிஎன்ஏயும் புரதமும் சேர்ந்த குரோமேட்டின் இறுகுகிறது, சவ்வில் கொப்புளங்கள் எழும்புகின்றன, கடைசியில் சவ்வு மூடிய சிறு துண்டுகளாகப் பிரிகிறது. அந்தத் துண்டுகளைப் பக்கத்துச் செல்களும், மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கும் வெள்ளணுக்களும் விழுங்கிவிடுகின்றன. ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கர்ரி என்ற மூவரும் 1972-இல் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டி, இரண்டாவது வகைக்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள்.

இந்தச் சாவை யார் முடிவு செய்கிறார்கள், யார் நிறைவேற்றுகிறார்கள்? இரண்டுக்கும் பதில் நொதிகள்தான். ஆனால் முடிவு செய்யும் நொதிகள் ஒரு வகை, நிறைவேற்றும் நொதிகள் இன்னொரு வகை. முதல் வகை செய்வதைத் திருப்பிவிடலாம். இரண்டாவது வகை செய்ததைத் திருப்பவே முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால், பாடப்புத்தகத்தில் அம்புக்குறிகளாக நிறைந்து பயமுறுத்தும் அந்தப் படம் முழுவதும் விளங்கத் தொடங்கும்.

பாஸ்பேட் ஏற்றும் நொதிகள், புரதம் வெட்டும் நொதிகள்

முடிவு செய்யும் வகையில் முதன்மையானவை கைனேஸ்கள். மனித மரபணுத் தொகுப்பில் இவை 500-க்கு மேல் உள்ளன. ஒரு கைனேஸ் செய்வது ஒரே வேலை: செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறின் கடைசிப் பாஸ்பேட்டை எடுத்து, வேறொரு புரதத்தின் செரின், திரியோனின் அல்லது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஏற்றுவது. ஏறிய பாஸ்பேட்டுக்கு எதிர்மின்சுமை உண்டு. அது வந்து உட்கார்ந்ததும் புரதத்தின் வடிவம் மாறலாம், புதிய கூட்டாளிப் புரதம் வந்து ஒட்டலாம், பழைய கூட்டாளி விலகலாம், அல்லது அந்தப் புரதத்தையே அழித்துவிடச் சொல்லும் அடையாளமாக அது அமையலாம். பாஸ்பட்டேஸ்கள் இதற்கு நேர் எதிர், ஏற்றியதை இறக்கிவிடுகின்றன. ஒரு செல்லுக்குள் இந்த ஏற்றமும் இறக்கமும் ஓயாமல் நடக்கின்றன. நாம் ஒரு நேரத்தில் அளப்பது இரண்டுக்கும் இடையே நிற்கும் நிலையை மட்டுமே.

நிறைவேற்றும் வகை கேஸ்பேஸ்கள். இவை புரதத்தை வெட்டும் நொதிகள். வெட்டும் வேலையைச் செய்வது நொதியின் மையத்தில் உள்ள ஒரு சிஸ்டீன்; வெட்டு விழுவது இலக்குப் புரதத்தில் உள்ள அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு அடுத்து. கண்ட இடத்தில் இவை வெட்டுவதில்லை. கேஸ்பேஸ்-3-க்கு மிகவும் பிடித்த வரிசை அஸ்பார்ட்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், வேலின், மறுபடி அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற நான்கும்தான். வெட்டிய புரதத்தை மறுபடி ஒட்டும் நொதி செல்லில் இல்லை. அதனால் கேஸ்பேஸ்களை எந்நேரமும் கட்டிவைத்திருக்க வேண்டியது செல்லுக்குக் கட்டாயம்.

அவை கட்டப்பட்டிருக்கும் விதம் எளிமையானது. ஆரோக்கியமான செல்லிலும் கேஸ்பேஸ்கள் தயாராகவே இருக்கின்றன, ஆனால் செயலற்ற முன்வடிவத்தில். இவற்றில் இரண்டு அடுக்கு உண்டு. தொடக்கி வைக்கும் 8, 9, 10 ஆகியவை தனித்தனி மூலக்கூறுகளாக அலைகின்றன. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தால் இணைந்து விழித்துக்கொள்ளும். நிறைவேற்றும் 3, 6, 7 ஆகியவை ஏற்கெனவே இணையாகத்தான் இருக்கின்றன. அவற்றை எழுப்ப, தொடக்கி வைக்கும் கேஸ்பேஸ் ஒன்று நடுவில் ஒரு வெட்டுப் போட வேண்டும். ஆகவே ‘இந்தச் செல் சாகுமா?’ என்ற கேள்வி, ‘தொடக்கிக் கேஸ்பேஸ்கள் ஒன்றுசேர்வதற்கான மேடை அமையுமா?’ என்ற கேள்வியாகச் சுருங்குகிறது.

புழுவிடம் கிடைத்த வரைபடம்

ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவிடமிருந்துதான் இந்த அறிவின் அடிப்படை கிடைத்தது. இருபாலினப் புழுவின் உடல் வளர்ச்சியில் 1,090 உடற்செல்கள் உருவாகின்றன, அவற்றில் சரியாக 131 இறந்துபோகின்றன, 959 எஞ்சுகின்றன. ஒவ்வொரு புழுவிலும் இதே 131 செல்கள், இதே நேரத்தில். ராபர்ட் ஹார்விட்ஸின் குழு இந்த இறப்பைத் தடுக்கும் மரபணு மாற்றங்களைத் தேடியது. செட்-3 என்ற மரபணு பழுதானால் அந்த 131 செல்களும் பிழைத்துக்கொள்கின்றன. செட்-4 பழுதானாலும் அப்படியே. செட்-9 பழுதானால் சாகக் கூடாத செல்களும் செத்துப் புழுவே அழிகிறது.

1993-இல் செட்-3-இன் வரிசையைப் படித்தபோது, மனித உடலில் அப்போதுதான் கண்டறியப்பட்டிருந்த ஒரு புரதம் வெட்டும் நொதியை அது ஒத்திருப்பது தெரிந்தது. அந்த மனித நொதியைத்தான் இன்று கேஸ்பேஸ்-1 என்கிறோம். செட்-9-இன் மனித உறவு பிசிஎல்-2 என்ற புரதம். செட்-4-இன் உறவு ஏபாஃப்-1. மனித பிசிஎல்-2 மரபணுவைப் புழுவுக்குள் செலுத்தியபோது அங்கேயும் அது சாவைத் தடுத்தது. புழுவுக்கும் நமக்கும் பல கோடி ஆண்டு இடைவெளி இருந்தும் அடிப்படை உறுப்புகள் மாறவில்லை. ஹார்விட்ஸ், சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன் மூவருக்கும் 2002-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு

முதுகெலும்புள்ள உயிர்களில் முடிவு பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில்தான் எடுக்கப்படுகிறது. அங்கே பிசிஎல்-2 குடும்பத்தின் மூன்று பிரிவுகள் மோதிக்கொள்கின்றன. பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 ஆகியவை காப்பவை. பேக்ஸ், பேக் இரண்டும் சவ்வில் துளையிடுபவை. பேட், பிம், பிட், பியூமா, நாக்ஸா போன்றவை தூதர்கள். செல்லுக்கு எங்கே என்ன கேடு நேர்ந்தாலும் அந்தச் செய்தியை இந்தச் சவ்வுக்குக் கொண்டுவருவது இவைதான். காப்பவை தூதர்களையும் துளையிடுபவற்றையும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. தூதர்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் பிடித்துவைக்க ஆள் போதாது. பேக்ஸும் பேக்கும் விடுபட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து சவ்வைத் துளைத்துவிடுகின்றன.

துளை விழுந்ததும் உள்ளே மூச்சுச் சங்கிலியில் எலக்ட்ரான் கடத்திக்கொண்டிருந்த சைட்டோகுரோம் சி வெளியே வருகிறது. ஷியோடாங் வாங்கின் குழு 1996-இல் இதைக் கண்டது எதிர்பாராத ஒன்று. உடைத்த செல்களின் சாற்றில் ஏடிபியை ஒத்த டிஏடிபி சேர்த்தால் கேஸ்பேஸ்-3 விழித்துக்கொள்கிறது என்று பார்த்தார்கள். சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பொருள் இல்லாவிட்டால் வேலை நிற்கிறது என்று தேடினார்கள். கிடைத்த பகுதியின் நிறமே இளஞ்சிவப்பு: எல்லோருக்கும் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சைட்டோகுரோம் சி. உயிர் வாழ்வதற்கு ஆற்றல் தரும் புரதம், இடம் மாறினால் சாவின் செய்தியாகிவிடுகிறது.

வெளியே வந்த சைட்டோகுரோம் சி ஏபாஃப்-1-உடன் சேர்கிறது. டிஏடிபி அல்லது ஏடிபியின் துணையோடு ஏழு ஏபாஃப்-1 மூலக்கூறுகள் வட்டமாக அடுக்கிக்கொள்கின்றன. முன்பு சொன்ன மேடை இதுதான். இதன் பெயர் அப்போப்டோசோம். இதன் மேல் கேஸ்பேஸ்-9 வந்து கூடி விழிக்கிறது. அது கேஸ்பேஸ்-3, 7 ஆகியவற்றை வெட்டி எழுப்புகிறது. இங்கே இன்னொரு பூட்டும் உண்டு. எக்ஸ்ஐஏபி என்ற புரதம் கேஸ்பேஸ்களின் வாயை அடைத்துக்கொண்டிருக்கும். அதே துளை வழியாக வெளிவரும் ஸ்மாக் என்ற புரதம் எக்ஸ்ஐஏபியைப் பிடித்து இழுத்து அந்தப் பூட்டையும் திறக்கிறது.

நேரக்கணக்கு இங்கே முக்கியம். செல்லைக் கொல்லும் மருந்து கொடுத்ததிலிருந்து துளை விழும் வரை பல மணி நேரம் ஆகலாம். ஒரே தட்டில் அருகருகே உள்ள செல்களுக்குள்கூட இது பெரிதும் வேறுபடும். ஆனால் ஒரு செல்லில் துளை விழத் தொடங்கிவிட்டால், அதன் மைட்டோகாண்ட்ரியா அனைத்திலிருந்தும் சைட்டோகுரோம் சி சுமார் 5 நிமிடத்தில் வெளியேறிவிடுகிறது. பாதி செத்த செல் என்று ஒன்று அநேகமாக இருப்பதில்லை. நீண்ட தயக்கம், பிறகு சட்டென்று முடிவு. அந்தத் தயக்க நேரம்தான் கைனேஸ்களின் ஆட்சிக்காலம்.

ஏகேடி: உயிரைப் பிடித்துவைக்கும் கைனேஸ்

பலசெல் உயிரியின் செல் தானாக உயிர் வாழ்வதில்லை. ‘நீ தேவை’ என்ற செய்தி வெளியிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். செய்தி நின்றால் சாவு. நரம்பு வளர்ச்சிக் காரணியை நம்பி வாழும் பரிவு நரம்புச் செல்களை வளர்ப்புத் தட்டில் வைத்து அந்தக் காரணியை எடுத்துவிட்டால், ஓரிரு நாளில் அவை இறந்துபோகும். அந்த நேரத்தில் புதுப் புரதம் உருவாவதைத் தடுத்தால் செல்கள் பிழைக்கின்றன. பட்டினியால் சாகவில்லை, சாவதற்காகப் புதிதாக ஏதோ தயாரிக்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

அந்தச் செய்தி உள்ளே பயணிக்கும் வழியை ஒரு முறை நெருங்கிப் பார்ப்போம். வளர்ச்சிக் காரணி செல்லின் வெளிப்புற ஏற்பியில் ஒட்டுகிறது. ஏற்பியின் உட்புறம் ஒரு டைரோசின் கைனேஸ். அது விழித்துப் பிஐ3-கைனேஸை அழைக்கிறது. பிஐ3-கைனேஸ் புரதத்தைத் தொடுவதில்லை. சவ்வின் உட்புறத்தில் உள்ள பிப்2 என்ற கொழுப்பின் மேல் இன்னொரு பாஸ்பேட்டை ஏற்றிப் பிப்3 ஆக்குகிறது. பிப்3 இருக்கும் இடத்தில் ஏகேடி என்ற கைனேஸ் வந்து ஒட்டிக்கொள்கிறது. அங்கே பிடிகே1 அதன் 308-ஆம் திரியோனினிலும், எம்டோர்சி2 அதன் 473-ஆம் செரினிலும் பாஸ்பேட் ஏற்றுகின்றன. இரண்டும் ஏறினால்தான் ஏகேடி முழு வேகத்தில் ஓடும்.

ஓடும் ஏகேடி ஒரே நேரத்தில் பல இடங்களில் சாவைத் தடுக்கிறது. தூதர் பேட்டின் 136-ஆம் செரினில் பாஸ்பேட் ஏற்றுகிறது. உடனே 14-3-3 என்ற புரதம் பேட்டைப் பற்றிக்கொண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகவிடாமல் நிறுத்துகிறது. ஃபாக்ஸோ என்ற மரபணு இயக்கியின் மேல் பாஸ்பேட் ஏற்றி உட்கருவுக்கு வெளியே தள்ளுகிறது. அதனால் பிம் தயாராவதில்லை. ஜிஎஸ்கே-3 என்ற இன்னொரு கைனேஸை அடக்குகிறது. ஜிஎஸ்கே-3 கட்டவிழ்ந்தால் காப்பாளர் எம்சிஎல்-1-இன் மேல் பாஸ்பேட் ஏற்றி அதை அழிவுக்கு அனுப்பிவிடும். எம்சிஎல்-1 ஏற்கெனவே குறுகிய ஆயுள் உள்ள புரதம். தயாரிப்பு நின்றாலோ அழிப்பு கூடினாலோ சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும்.

இப்போது வளர்ச்சிக் காரணியை எடுத்துவிடுவோம். பிடென் என்ற பாஸ்பட்டேஸ் பிப்3-இன் பாஸ்பேட்டை இறக்கிப் பிப்2 ஆக்குகிறது. பிபி2ஏ போன்ற பாஸ்பட்டேஸ்கள் ஏகேடியின் பாஸ்பேட்டுகளை இறக்குகின்றன. கால்சியம் உயர்ந்தால் கால்சிநியூரின் பேட்டின் பாஸ்பேட்டை இறக்கி 14-3-3-இன் பிடியிலிருந்து விடுவிக்கிறது. ஃபாக்ஸோ உட்கருவுக்குள் போகிறது; பிம் பெருகுகிறது; எம்சிஎல்-1 தேய்கிறது. யாரும் ‘சாக’ என்று கட்டளையிடவில்லை. பிடித்துவைத்திருந்த கை விலகியது, அவ்வளவுதான். ஆனால் இந்தக் கட்டத்தில் வளர்ச்சிக் காரணியைத் திரும்பக் கொடுத்தால், துளை விழாத செல்கள் அத்தனையும் மீண்டுகொள்ளும். பாஸ்பேட்டை வைத்து நடக்கும் ஒழுங்கமைப்பின் பெருமையே இந்த மீளும் வாய்ப்புதான்.

பேட் பற்றிய படம் பாடங்களில் மிகவும் பெயர் பெற்றது. அதை மட்டும் வைத்து ஏகேடியை விளக்கினால் போதாது. பேட் மரபணுவே இல்லாத எலிகள் உயிரோடு பிறந்து வளர்கின்றன. ஒரு தூதர் போனால் இன்னொரு தூதர் அந்த வேலையைப் பார்த்துவிடும். எந்தக் கைனேஸும் ஒரே ஒரு இலக்கால் செல்லைக் காப்பதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஏகேடியைப் போலவே எர்க் என்ற கைனேஸும் காவல் காக்கிறது. அது பிம்மின் மேல் பாஸ்பேட் ஏற்றி அதைப் புரோட்டியசோம் என்ற புரதச் சிதைப்பு எந்திரத்தில் அழியச் செய்கிறது. கேஸ்பேஸ்-9-இன் 125-ஆம் திரியோனினில் பாஸ்பேட் ஏற்றி அதையும் மந்தப்படுத்துகிறது. சிகே1, சிகே2 என்ற கைனேஸ்கள் பிட்டில் வெட்டு விழும் இடத்துக்கு அருகிலேயே பாஸ்பேட் ஏற்றி, கேஸ்பேஸ்-8 அதை வெட்ட முடியாதபடி செய்கின்றன. திருப்பக்கூடிய ஒரு பாஸ்பேட், திருப்ப முடியாத ஒரு வெட்டைத் தடுத்து நிற்கும் இடம் இது.

சாவின் பக்கம் நிற்கும் கைனேஸ்கள்

கைனேஸ் என்றாலே காவலன் என்று நினைத்துவிடக் கூடாது. டிஎன்ஏயின் இரு இழையும் அறுந்தால் ஏடிஎம் என்ற கைனேஸ் விழிக்கிறது. அது பி53 என்ற மரபணு இயக்கியின் 15-ஆம் செரினில் பாஸ்பேட் ஏற்றுகிறது. சிஎச்கே2 என்ற கைனேஸையும் தூண்டி இன்னொரு செரினில் ஏற்றச் செய்கிறது. வழக்கமாக எம்டிஎம்2 என்ற புரதம் பி53-ஐப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இப்போது அந்தப் பிடி தளர்கிறது. சேர்ந்துகொள்ளும் பி53 முதலில் பி21 என்ற புரதத்தைத் தயாரித்துச் செல்பிரிவை நிறுத்தி, பழுதுபார்க்க நேரம் தரும். சேதம் தீராவிட்டால் பியூமாவும் நாக்ஸாவும் பெருகி முடிவு சாவின் பக்கம் சாய்கிறது.

ஜேஎன்கே என்ற கைனேஸ் இன்னும் நுட்பமானது. அழுத்தம் வந்ததும் சில நிமிடங்கள் எழுந்து அடங்கினால் செல்லுக்கு ஆபத்தில்லை. மணிக்கணக்காக எழுந்தே நின்றால் சாவு. ஒரே நொதி, ஒரே இலக்குகள். செல் கணக்கில் எடுப்பது அது எழுந்திருக்கும் கால அளவை. ஒரு நேரத்தில் மட்டும் எடுத்த மாதிரியை வைத்து ‘ஜேஎன்கே கூடியிருக்கிறது, ஆகவே செல் சாகும்’ என்று எழுதும் ஆய்வறிக்கைகள் தவறுவது இங்கேதான்.

வெளியிலிருந்து வரும் கட்டளை

நோயெதிர்ப்புச் செல்கள் வேறு செல்லை நேரடியாகவே சாகச் சொல்லும். ஃபாஸ் போன்ற ஏற்பியில் உரிய புரதம் ஒட்டியதும், ஏற்பியின் உட்புறத்தில் ஃபேட் என்ற இணைப்புப் புரதம் வழியாகக் கேஸ்பேஸ்-8 கூடுகிறது. இதுவும் ஒரு மேடைதான். சில செல்களில் இந்தக் கேஸ்பேஸ்-8 நேரடியாகக் கேஸ்பேஸ்-3-ஐ எழுப்பிவிடும். கல்லீரல் செல் போன்றவற்றில் அது போதாது. பிட்டை வெட்டி மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பி வேலையைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. ஃபாஸ் மரபணு பழுதாகப் பிறந்தவர்களுக்கு லிம்ஃபோசைட்கள் என்ற வெள்ளணுக்கள் சாக மறுத்து நிணநீர் முடிச்சுகளும் மண்ணீரலும் பெருத்துவிடுகின்றன.

கேஸ்பேஸ்-8-க்கு இன்னொரு முகமும் உண்டு, அது பலரைத் தடுமாற வைத்தது. இந்த நொதி இல்லாத எலிக்கருக்கள் கர்ப்பத்தின் பாதியிலேயே இறந்தன. கொல்லும் நொதியை எடுத்தால் ஏன் சாக வேண்டும்? விடை ஆர்ஐபிகே1, ஆர்ஐபிகே3 என்ற இரண்டு கைனேஸ்கள். கேஸ்பேஸ்-8 இவற்றை வெட்டி அடக்கிவைத்திருக்கிறது. அது இல்லாதபோது ஆர்ஐபிகே3 எம்எல்கேஎல் என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏற்றுகிறது, எம்எல்கேஎல் செல்சவ்வுக்குப் போய் அதைக் கிழிக்கிறது, செல் வெடிக்கிறது. இதை நெக்ரோப்டோசிஸ் என்கிறோம். 2011-இல் ஆர்ஐபிகே3-ஐயும் சேர்த்து நீக்கியபோது அந்த எலிகள் பிழைத்துப் பிறந்தன. கேஸ்பேஸ்களை முடக்கும் வைரஸ்கள் உண்டு. அவற்றிடம் சிக்கிய செல்லுக்கு இது மாற்றுவழி.

வெட்டு விழுந்த பின்

கேஸ்பேஸ்-3 எழுந்ததும் நூற்றுக்கணக்கான புரதங்களை வெட்டுகிறது. ஆனால் கண்மூடித்தனமாக அல்ல. பல வெட்டுகளுக்குத் தெளிவான பலன் உண்டு. சிஏடி என்ற டிஎன்ஏ வெட்டும் நொதியை அடக்கிவைத்திருக்கும் ஐசிஏடி வெட்டப்படுகிறது. விடுபட்ட சிஏடி, டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதத் திரள்களான நியூக்ளியோசோம்களுக்கு இடையில் டிஎன்ஏயை அறுக்கிறது. அதனால்தான் ஜெல்லில் ஓட்டினால் சுமார் 180 கார இணைகளின் மடங்குகளாக ஏணிப்படிபோலப் பட்டைகள் தெரிகின்றன. உட்கருவைத் தாங்கும் லேமின்கள் வெட்டப்பட, உட்கரு குலைகிறது. எக்ஸ்கேஆர்8 என்ற சவ்வுப் புரதம் வெட்டப்பட்டு இயங்க, எப்போதும் சவ்வின் உட்புறம் இருக்க வேண்டிய பாஸ்பாட்டிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்புறம் வந்து நிற்கிறது. மேக்ரோபேஜுக்கு ‘என்னை விழுங்கு’ என்று சொல்லும் அடையாளம் அதுதான்.

கைனேஸ்களும் இந்த வெட்டுக்குத் தப்புவதில்லை. ஆர்ஓசிகே1 என்ற கைனேஸின் வால்பகுதிதான் அதன் தடை. கேஸ்பேஸ்-3 அந்த வாலை வெட்டிவிட்டால் ஆர்ஓசிகே1 நிற்காமல் ஓடுகிறது; செல்லின் உட்சட்டகம் இறுகி, சவ்வில் கொப்புளங்கள் எழுகின்றன. இதுவரை ஏற்றி இறக்கி நிதானமாக நடந்துகொண்டிருந்த ஒரு பொத்தான் நிரந்தரமாக அமுக்கப்பட்டுவிடுகிறது. ஏகேடியும் வெட்டுப்படுகிறது, உயிர்ச்செய்தி திரும்பி வர இனி வழியில்லை.

இதற்கெல்லாம் ஏடிபி தேவை. செல்லில் ஏடிபி வற்றிப்போயிருந்தால், அப்போப்டோசிஸ் தொடங்கினாலும் முடிக்க முடியாமல் செல் வெடித்தே சாகும். மாரடைப்பில் ரத்தம் நின்ற தசையின் நடுப்பகுதியில் வெடித்த சாவும், ஓரத்தில் ஒழுங்கான சாவும் கலந்து காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

நோயும் மருந்தும்

ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற புற்றுநோயில் 14-ஆம், 18-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுகின்றன. பிசிஎல்-2 மரபணு ஆன்டிபாடி மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அளவுக்கு மீறி இயங்குகிறது. அந்நாள் வரை புற்றுநோய் மரபணு என்றால் செல்லை வேகமாகப் பிரியச் செய்வது என்றே எண்ணியிருந்தார்கள். 1988-இல் டேவிட் வோவும் சக ஆய்வாளர்களும் பிசிஎல்-2 செல்லைப் பிரியச் செய்யவில்லை, சாகாமல் வைக்கிறது என்று காட்டினார்கள். சாக மறுப்பதே புற்றுநோய்க்கு ஒரு வழி என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. பல புற்றுநோய்களில் பிடென் தொலைந்துபோவதும் இதே தர்க்கம்தான்: பிப்3 தேங்கும், ஏகேடி ஓயாது, வளர்ச்சிக் காரணி இல்லாமலேயே செல் வாழும்.

நாட்பட்ட மைலாய்டு ரத்தப்புற்றில் பிசிஆர்-ஏபிஎல் என்ற கைனேஸ் ஓயாமல் ஓடுகிறது. 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் என்ற மருந்து அதை அடைக்கிறது, செல்லுக்குள் பிம் உயர்கிறது, செல் சாகிறது. இதன் மறுபக்கமும் தெரிந்தது: கிழக்கு ஆசிய மக்களில் சுமார் 12% பேருக்குப் பிம் மரபணுவில் ஒரு சிறு பகுதி இல்லை, அவர்களில் இந்த மருந்து வேலை செய்வது குறைகிறது. கைனேஸை எவ்வளவு நன்றாக அடைத்தாலும் தூதர் இல்லாவிட்டால் செய்தி போய்ச் சேராது.

2016-இல் வந்த வெனிட்டோகிளாக்ஸ் என்ற மருந்து நேரடியாகப் பிசிஎல்-2-இன் பள்ளத்தில் போய் அமர்ந்து, அங்கே பிடிபட்டிருந்த பிம்மை விடுவிக்கிறது. நாட்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப்புற்றில் இது மிக வேகமாகக் கொல்வதால், முழு அளவை முதல் நாளே கொடுப்பதில்லை. வாரத்துக்கு ஒரு படியாக நாளொன்றுக்கு 20, 50, 100, 200, 400 மில்லிகிராம் என்று ஐந்து வாரத்தில் ஏற்றுகிறார்கள். ஒரே நேரத்தில் ஏராளமான செல்கள் இறந்தால் பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் ரத்தத்தில் குவிந்து சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும். இதற்கு முன் சோதிக்கப்பட்ட நேவிட்டோகிளாக்ஸ் பிசிஎல்-எக்ஸ்எல்லையும் அடைத்தது. ரத்தத் தட்டணுக்கள் பிசிஎல்-எக்ஸ்எல்லை நம்பித்தான் உயிர் வாழ்கின்றன என்பதால் அவற்றின் எண்ணிக்கை சரிந்தது. எந்தச் செல் எந்தக் காப்பாளரை நம்பியிருக்கிறது என்பதே மருந்தின் பக்கவிளைவைத் தீர்மானிக்கிறது.

ஆய்வகத்தில் இதைப் பார்ப்பதும் பிழைகளும்

வெளியே வந்த பாஸ்பாட்டிடைல்செரினை ஒளிரும் சாயம் இணைத்த அனெக்சின் வி என்ற புரதத்தால் பிடிக்கலாம். கழுவிய ஒரு லட்சம் செல்களை 100 மைக்ரோலிட்டர் கரைசலில் எடுத்து, அனெக்சின் வி, சவ்வு கிழிந்த செல்லில் மட்டும் ஏறும் சாயமான புரொப்பிடியம் அயோடைடு இரண்டிலும் 5 மைக்ரோலிட்டர் சேர்த்து, இருட்டில் அறை வெப்பத்தில் 15 நிமிடம் வைத்து, 400 மைக்ரோலிட்டர் கரைசல் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்குள் செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டுவது வழக்கமான முறை. கரைசலில் 2.5 மில்லிமோலார் கால்சியம் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் அனெக்சின் ஒட்டாது. செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சினோடு வரும் ஈடிடிஏ என்ற பொருளைக் கழுவாமல் விட்டால் அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாச் செல்லும் ஆரோக்கியமாக இருப்பதுபோலப் பொய்யாகத் தெரியும். டிரிப்சினில் அதிக நேரம் வைத்தால் சவ்வு கிழிந்து, நல்ல செல்லும் செத்ததுபோலப் பொய்யாகத் தெரியும். தட்டில் மிதக்கும் செல்களைக் கொட்டிவிடுவது புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. இறந்த செல்கள் இருப்பதே அந்த நீரில்தான்.

அனெக்சின் மட்டும் ஏறியிருந்தால் தொடக்கநிலைச் சாவு. இரண்டு சாயமும் ஏறியிருந்தால் அப்போப்டோசிஸின் கடைசிக் கட்டமா, வெடித்த சாவா என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அதனால் 4, 8, 16, 24 மணி என்று பல நேரங்களில் மாதிரி எடுப்பதும், கூடவே வெட்டுப்பட்ட கேஸ்பேஸ்-3-ஐ வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதம் காணும் சோதனையில் பார்ப்பதும் அவசியம். கேஸ்பேஸ்-3 வெட்டும் பார்ப் என்ற புரதம் 116 கிலோடால்டனிலிருந்து 89-ஆகக் குறைவது நல்ல சான்று. எம்டிடி சோதனை செல்லின் வளர்சிதை மாற்றத்தை அளக்கிறது, சாவை அல்ல. பிரியாமல் நின்றுவிட்ட செல்லும் அதில் குறைவாகவே காட்டும்.

ஏகேடியின் பாஸ்பேட்டை அளக்கும்போது செல்லை உடைத்த நொடியிலிருந்து பாஸ்பட்டேஸ்கள் அதை இறக்கத் தொடங்கிவிடும். ஐஸ் மேல் வைத்து, சோடியம் ஃப்ளோரைடும் சோடியம் ஆர்த்தோவனடேட்டும் கலந்த கரைசலில் உடைக்க வேண்டும். வெஸ்டர்ன் பிளாட்டின் சவ்வில் காலி இடங்களை அடைக்கப் பால்பொடிக்குப் பதில் பிஎஸ்ஏ என்ற மாட்டுச் சீரப் புரதம் 5% நல்லது. பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால் பின்னணி கூடிவிடக்கூடும். மொத்த ஏகேடியையும் அதே மாதிரியில் அளக்காமல் பாஸ்பேட் ஏறியதை மட்டும் காட்டினால், புரதமே குறைந்ததா, பாஸ்பேட் குறைந்ததா என்று யாருக்கும் தெரியாது. வளர்ப்பு ஊடகத்தில் சீரம் இருந்தால் அதிலேயே வளர்ச்சிக் காரணிகள் இருக்கும். ஒப்பிடும் தட்டுகள் எல்லாவற்றிலும் சீரத்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.

செத்தது கேஸ்பேஸால்தானா என்று உறுதிப்படுத்த, மருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இசட்-வேட் என்ற தடுப்பானை 20 முதல் 50 மைக்ரோமோலார் அளவில் சேர்த்துப் பார்ப்பார்கள். சாவு குறைந்தால் கேஸ்பேஸ் வழி. ஆனால் எலியின் எல்929 செல்களில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்துடன் இதைச் சேர்த்தால் சாவு கூடும். கேஸ்பேஸ்-8 அடைபட்டதும் ஆர்ஐபிகே3 கட்டவிழ்ந்துவிடுகிறது. அப்போது ஆர்ஐபிகே1-ஐ அடைக்கும் நெக்ரோஸ்டாட்டின்-1-ஐயும் சேர்த்த இன்னொரு தட்டு வேண்டும். மார்பகப் புற்றுச் செல்களான எம்சிஎஃப்-7-இல் கேஸ்பேஸ்-3 மரபணுவே பழுதானது. அந்தச் செல்கள் கேஸ்பேஸ்-7 வழியாகச் சாகும், ஆனால் டிஎன்ஏ ஏணியும் வெட்டுப்பட்ட கேஸ்பேஸ்-3-உம் தெரியாது. ஆகவே கேஸ்பேஸ்-3-க்கான நேர்மறைக் கட்டுப்பாடாக அப்போப்டோசிஸைத் தூண்டும் ஸ்டாரோஸ்போரின் 1 மைக்ரோமோலார் கொடுத்த ஹீலா அல்லது ஜுர்கட் என்ற வளர்ப்புச் செல்களை அதே ஜெல்லில் ஓட்டிவிடுவது நல்லது.